பேங்குக்குத் தெரியாத மருமகள்

ஓடிப்போனாளாம். கடன் கழுத்தை நெரித்ததாம். விடிந்தும் விடியாததுமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் மருமகள் ஓடியே போய்விட்டாளாம். மாடிவீட்டுக்காரி சொல்கிறாள். முதலில், அந்தப் பெட்டிக்கு ஒரு சக்கரம் சரியில்லை. அதை இழுத்துக்கொண்டு யாரும் ஓட முடியாது. பேத்தி, இதை முதலில் எழுது.

நேற்று மாடிப்படியில் வைத்து என்னிடமே கேட்டாள்.

"ஏம்மா, உங்க மருமக கார்டு வாங்கி எக்கச்சக்கமா இழுத்து விட்டுட்டாளாமே?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா நீதானே?"

"நான் ஏன் சொல்லப் போறேன்? கவரை என் கண்ணால பாத்தேன்."

"பாத்திருப்ப. எங்க வீட்டுக் கவர் உங்க வீட்டுலதானே பிரியுது."

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்தக் கார்டு விஷயத்தில் எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை. அதனால் நான் சொல்வதுதான் நடந்தது.

மருமகள் பெரிய ஆஸ்பத்திரியில் துணி அறையில் இருந்தாள். கட்டில் விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு எல்லாம் சலவை முடிந்து அவள் மேசைக்கு வந்துதான் வார்டுக்குப் போகும். விரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். நடுவில் நைந்திருந்தால் நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து சேர்த்துத் தைப்பாள். நைந்த பக்கம் மெத்தைக்கு அடியில் போய்விடும். படுக்கிறவர்களுக்கு முதுகில் ஒரு தையல் உறுத்தத்தான் செய்யும். ஆனால் அதைப் பற்றிச் சண்டை போடும் தெம்போடு யாரும் அங்கே வந்து படுப்பதில்லை.

அவளுக்கு 'ரொக்கம்' என்று பெயர் வைத்தது மூலைக்கடைக்காரர். ஒருநாள் சோப்புக்குச் சில்லறை குறைந்தது. "எடுத்துட்டுப் போங்கக்கா, நாளைக்குக் குடுங்க" என்றார். இவள் சோப்பை அங்கேயே வைத்துவிட்டு, மழையில் வீட்டுக்கு வந்து, சில்லறையை எடுத்துக்கொண்டு திரும்ப மழையில் போனாள். வாங்கி வந்த சோப்பில் பாதி கரைந்திருந்தது. அன்றிலிருந்து ரொக்கம் அக்கா. ஆஸ்பத்திரியிலும் அதுதான் பெயர்.

என் மகன், அவள் புருஷன், லாரி ஓட்டினான். பேத்தி பள்ளிக்கூடம் சேரும் முன்பே நெஞ்சுவலியில் போய்விட்டான். வாடகை, கரண்ட், போன் எல்லாம் அவன் பேரில் இருந்தது. பேரை மாற்றச் சொன்னேன்.

"அவர் பேர்லயே இருக்கட்டும் அத்தை. கட்டப் போறது நான்தானே" என்றாள்.

கட்டினாள். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அத்தனை நல்ல பேரும் என் மகன் கணக்கில் சேர்ந்தது. உயிரோடு இருந்தவரை அவன் எதையும் நாளுக்குக் கட்டியதில்லை. செத்த பிறகுதான் திருந்தினான். பேங்கிலிருந்து அவனுக்குக் கடிதமாக வரும்: உங்கள் நாணயத்தை மெச்சி உங்களுக்கு ஒரு கிரெடிட் கார்டு தருகிறோம் என்று. தூக்கிப் போடு என்பேன். அவள் மேலே இருக்கும் பேரை ஒருதரம் பார்த்துவிட்டுத் தையல் மெஷின் இழுப்பறையில் வைப்பாள்.

போன வருஷம் ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறொரு நகரத்தில் இன்னொரு ஆஸ்பத்திரி கட்ட ஆரம்பித்தார்கள். அங்கே துணி அறைக்கு இவள்தான் தலைவி என்றார்கள். சம்பளம் கூட. ஊசியைக் கையில் எடுக்காமல் நாற்காலியில் உட்காரும் வேலை. வாழ்நாளில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான். தங்குவதற்கு வீடு மட்டும் அவளே பார்த்துக்கொள்ள வேண்டும். திறப்பு நாளில் அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

வீட்டுத் தரகருக்குப் போன் போட்டாள்.

"ஆறு மாச வாடகையை முன்கூட்டியே ரொக்கமா தரேன் சார்."

"ரொக்கம் யார் வேணா தருவாங்கம்மா. உங்க பேர்ல கிரெடிட் ரிப்போர்ட் இருக்கா? அது இல்லாம இந்த ஊர்ல யாரும் வீட்டைக் காட்டக்கூட மாட்டாங்க."

பேங்குக்குப் போனோம். நான் துணைக்குப் போனேன். அங்கே நாற்காலி நன்றாக இருக்கும். கவுண்டரில் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிய ஒரு அம்மா இருந்தாள்.

"உங்க பேர்ல எதுவுமே வரலையேம்மா" என்றாள்.

"நான் கடனே வாங்கினதில்லைங்க."

"அதான் பிரச்சினை. வாங்கி ஒழுங்கா திருப்பிக் கட்டினாதானே, நீங்க கட்டுவீங்கன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும்?"

"கம்ப்யூட்டரை எதுக்குக் கேக்கற? என்னைக் கேளு, நான் சொல்றேன்" என்றேன். "செத்துப்போனவனுக்குக் கார்டு தரேன்னு எழுதறீங்க. எதிர்ல உக்காந்து மூச்சு விடறவளைத் தெரியாதாக்கும்?"

மகன் பேரைக் கேட்டுத் தட்டிப் பார்த்தாள். "உங்க பையனோடது ரொம்ப நல்லா இருக்கு பாட்டி. இறந்துட்டாருன்னு யாரும் எங்ககிட்ட சொல்லலையே. இனிமே லெட்டர் வராது" என்றாள். அதன் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தது.

ஆனால் நல்லவள். வழி சொன்னாள். கையில் இருக்கும் பணத்தை பேங்கில் டெபாசிட் போட வேண்டும். அதை ஈடாக வைத்து அந்த அளவுக்கு ஒரு கார்டு தருவார்கள். அதில் செலவு செய்து கட்டிக்கொண்டே வந்தால் பேர் பதியும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் விடவில்லை. "உன் காசை அவங்ககிட்ட குடுத்துட்டு, அதையே நீ கடனா வாங்கி, அதுக்கு அவங்ககிட்ட நல்ல பேரும் வாங்கணுமா?"

"ஆமாம் அத்தை."

"உனக்கு இது கிறுக்குத்தனமா தெரியலையா?"

"தெரியுது அத்தை. கையெழுத்துப் போட்டுட்டேன்."

கார்டு வந்தது. பழைய ஜாக்கெட் துணியில் அதற்கு ஒரு உறை தைத்தாள். இவள் வளர்ப்பு வேறு, பேங்கின் வழக்கம் வேறு. காசு கொடுக்காமல் ஒரு சாமானைத் தொட மாட்டாள். அதனால் சம்பளம் வந்ததும் நேராகப் போய்க் கார்டுக்குப் பணத்தைக் கட்டிவிடுவாள். கட்டிய பிறகுதான் கடைக்குப் போய்க் கார்டை நீட்டுவாள். நாலைந்து மாதம் இப்படி நடந்தது. ரிப்போர்ட் எடுக்கப் போனாள். அதில் ஒன்றுமே இல்லை.

கண்ணாடி அம்மா திரையை உற்றுப் பார்த்தாள். "நீங்க ஒரு நாள்கூட எங்களுக்குக் கடன் வைக்கலையேம்மா. இப்போ பேங்க்தான் உங்களுக்குப் பாக்கி."

"பரவாயில்லைங்க, மெதுவா குடுங்க" என்றாளாம் இவள்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாளாம். முன்னாடி கட்டாதீங்க. வாங்குங்க, சும்மா இருங்க. பில் வரும். வந்ததும், கடைசித் தேதிக்குள்ள கட்டுங்க. ஒரு நாள் தாண்டினாலும் அதுவும் பதிஞ்சிடும்.

சும்மா இருப்பதுதான் அவளுக்கு வரவில்லை. மூலைக்கடையில் ஒரு சோப்பும் ஒரு துடைப்பமும் கார்டில் வாங்கினாள். "ரொக்கம் அக்கா கார்டு நீட்டறாங்க, வந்து பாரு" என்று கடைக்காரர் உள்ளேயிருந்து பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினார். சோப்பைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தாள். உறையைப் பிரிக்க விடவில்லை.

"ஏம்மா, குளிக்க வேணாமா?"

"இன்னும் நம்மளது ஆகல அத்தை. முதல்ல பில்லைக் கட்டிடறேன்."

தேய்ந்துபோன பழைய சோப்புத் துண்டை வைத்துக்கொண்டு மூன்று பேரும் குளித்தோம். துடைப்பம் காகிதம் சுற்றியபடி மூலையில் நின்றது.

பில் வரவில்லை. தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஒருநாள் மத்தியானம் மாடிவீட்டுக்காரி ஒரு கவரோடு வந்தாள். ஓரம் கிழிந்திருந்தது.

"எங்க பெட்டியில மாத்திப் போட்டுட்டான். தெரியாம பிரிச்சிட்டேன். நாலு நாளா குடுக்கணும் குடுக்கணும்னு நினைச்சுட்டே இருந்தேன்."

பேத்தி வாங்கிப் படித்தாள். "பாட்டி, கடைசித் தேதி இன்னைக்கு."

இந்தக் குடும்பத்தில் யாராவது ஓடினார்கள் என்றால் அன்றைக்குத்தான் ஓடினார்கள். ஓடியது நானும் பேத்தியும். ஆஸ்பத்திரி துணி அறைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கே ஒரு கட்டில் தேவைப்பட்டது. மருமகள் பல்லிடுக்கில் நூலோடு நிமிர்ந்தாள். கவரைப் பார்த்தாள். நூலை எடுக்கவில்லை. வேலை மேலங்கியோடு கிளம்பிவிட்டாள். பேங்கில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள். இவள் குனிந்து உள்ளே நுழைந்தாள். காவலாளி தடுத்தார். கண்ணாடி அம்மா உள்ளேயிருந்து, "அவங்களை விடுங்க, சோப்பு வாங்கினவங்க" என்றாளாம்.

அன்று சாயங்காலம் சோப்பைப் பிரித்தோம். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வாசனை.

மாடிவீட்டுக்காரி பார்த்தது அந்தப் பில்லைத்தான். அதில் பெரிய எழுத்தில் இருந்தது கார்டின் வரம்பு, அதாவது இதுவரைக்கும் செலவு செய்யலாம் என்கிற தொகை. சின்ன எழுத்தில் இருந்ததுதான் பாக்கி: ஒரு சோப்பு, ஒரு துடைப்பம். அவள் பெரிய எழுத்தை மட்டும் படித்தாள். அதைத்தான் தெரு முழுக்கப் பரப்பினாள்.

அதற்குப் பிறகு மருமகள் மாதாமாதம் கார்டில் வாங்கினாள், சும்மா இருந்தாள், கட்டினாள். சும்மா இருக்கும் நாட்களில் அந்த பேங்க் இருக்கிற பக்கமே நடக்க மாட்டாள். கட்டடம் எதுவும் சொன்ன நாளில் முடிவதில்லை. ஆஸ்பத்திரித் திறப்பும் தள்ளிப் போனது. அது ஒன்றுதான் எங்களுக்குக் கிடைத்த ஒத்தாசை. திறப்புக்குச் சில வாரம் முன்பு ரிப்போர்ட்டில் அவள் பேர் வந்தது. தரகர் வீட்டைக் காட்டினார். ஓர் அறை, ஒரு சமையல் மேடை. அவள் பேரிலேயே எழுதினார்கள்.

"நீங்களும் வாங்க அத்தை."

"நான் வரல. அங்க எனக்கும் ரிப்போர்ட் கேப்பாங்க."

"உங்க பேத்தி படிப்பு முடியற வரைக்கும்தான் இங்க விடுவேன். அப்புறம் ரெண்டு பேரையும் வந்து தூக்கிட்டுப் போயிடுவேன்."

"தூக்கிப் பாரு" என்றேன்.

கிளம்பிய அன்று உட்கார்ந்து சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். அப்போது தபால் வந்தது, இரண்டு கவர். ஒன்று வழக்கம்போல என் மகனுக்கு. இன்னொன்று அவளுக்கு. பேத்தி படித்தாள்: உங்கள் நாணயத்தை மெச்சி உங்களுக்கு இன்னொரு கார்டு தருகிறோம்.

"ஒண்ணைச் சமாளிக்கறதுக்குள்ளயே உயிர் போச்சு" என்று தன்னுடையதை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். அவனுடையதைப் பெட்டியின் பக்கவாட்டுப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். அங்கே இருந்ததெல்லாம் முன்பே பெட்டிக்குள் போயிருந்தது.

படிக்குப் படி சக்கரம் இடித்துக்கொண்டு இறங்கினாள். மாடிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு ஒருத்தி வேடிக்கை பார்த்தாள். மருமகள் வாசலில் நின்று நிமிர்ந்து, "வேலை மாத்தலாகிப் போறேங்க, வரேன்" என்றாள்.

மாடிவீட்டுக்காரி மேலேயிருந்து, "பாத்துப் போம்மா, வெயில் ஏறிடுச்சு" என்றாள்.