பூக்கடை அக்கா எண்ணிலிருந்து போன கல்யாணக் கார்டு

1. கார்டு இன்னும் திறக்கவில்லை

மலேசியாவில், சிரம்பானை ஒட்டிய அம்பாங்கானில் கணினி, கைப்பேசி ரிப்பேர் கடை வைத்திருக்கும் எனக்குப் பயம்தான் மூலதனம். யாராவது போனை நீட்டினாலே உள்ளே எந்தத் திருடன் இருக்கிறானோ என்று தோன்றும். "போனுக்குக் காய்ச்சல் வந்தா ஒங்களுக்குக் குளிரடிக்குது" என்று என் மனைவி கேலி செய்வாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் கமலா அக்கா வந்தார். சிரம்பானில் கோயில் பக்கத்தில் பூக்கடை வைத்திருப்பவர். கல்யாண மாலைக்குப் பேர் போனவர். செத்த எலியைத் தூக்கி வருவதுபோல் போனை இரண்டு விரலால் பிடித்து வந்து மேசையில் வைத்தார்.

"தம்பி, போன் கொதிக்குது லா. தானா ஆடுது. நேத்து ஒரு கல்யாணக் கார்டு வந்துச்சு. அமுக்கு அமுக்குன்னுச்சு, அமுக்கினேன். கார்டு இன்னும் தெறக்கல."

அது கார்டு இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

தெரியாத எண்ணிலிருந்து வருவதைத் திறக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் ஓதுகிறவன் நான். பூக்கடைக்கு அந்தப் புத்திமதி செல்லாது. மாலைக்குச் சொல்கிறவர்கள் முதலில் கார்டைத்தான் அனுப்புவார்கள். முகூர்த்த நேரமும் மண்டபமும் அதில்தான் இருக்கும். பாதிப் பேர் புது எண்கள். திறக்கமாட்டேன் என்றால் கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான். அதனால் இப்போதெல்லாம் வேறு மாதிரி சொல்கிறேன். கார்டு என்பது படம், இல்லாவிட்டால் பிடிஎஃப். தொட்டால் திறந்துவிடும். 'இன்ஸ்டால் செய்யவா?' என்று கேட்டால் அது கார்டு இல்லை, செயலி. பெரும்பாலும் கோப்புப் பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருக்கும். அக்காவிடம் அந்தச் சனியன், குறுஞ்செய்தியைப் படிக்கட்டுமா, திரையைப் பார்க்கட்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறது. கல்யாண வீட்டு மரியாதையோடு அக்கா எல்லாவற்றுக்கும் சரி சொல்லியிருக்கிறார்.

போனை ஏரோப்ளேன் மோடில் போட்டேன். வைஃபையும் நின்றிருக்கிறதா என்று பார்த்தேன். சிம்மைக் கழற்றினேன். என் போனிலிருந்து அவருடைய பேங்க்கைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொன்னோம். இந்த வரிசை முக்கியம். பலர் பதற்றத்தில் செயலியை அழிப்பதிலேயே நேரத்தைக் கழிப்பார்கள். அதற்குள் திருடன் பேங்க்கிலிருந்து வரும் ஓடிபி எண்ணைப் படித்துவிடுவான். முதலில் இணைப்பை அறுக்க வேண்டும், அடுத்து பேங்க். மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகு.

பணம் எதுவும் போகவில்லை என்று பேங்க்கில் சொன்னார்கள். அக்கா நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா! ஒரு தேத்தண்ணி சொல்லு தம்பி" என்றார்.

2. நீல டிக்

போனில் உள்ளதைச் சுத்தமாக அழிப்பதற்கு முன் ஞாயிற்றுக்கிழமைக்கான பூமாலை ஆர்டர்களைக் குறித்துக்கொள்ளலாம் என்று வாட்ஸ்அப்பைத் திறந்தேன். விடிகாலையில் அக்கா எண்ணிலிருந்து அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அதே கார்டு போயிருந்தது. 'எங்கள் வீட்டுக் கல்யாணம், அவசியம் வரவும்' என்று ஒரு வரி வேறு. சிலருக்கு, பார்த்துவிட்டார்கள் என்று காட்டும் நீல டிக் விழுந்திருந்தது. இணைப்பை அறுத்த பிறகு யார் யார் பார்த்தார்கள் என்று தெரிய வழியில்லை.

"அக்கா, ஒவ்வொருத்தருக்கா போன் அடிச்சுச் சொல்லணும். இப்பவே."

"என்னான்னு சொல்றது? நான் ஏமாந்துட்டேன்னா? கல்யாண சீசன் தம்பி. ஒரு போன வச்சுக்கத் தெரியாதவகிட்ட எவன் மாலை சொல்லுவான்? போன் கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கலாம் லா."

"ஒங்க பேர நம்பி அமுக்குவாங்க அக்கா."

அக்கா தேத்தண்ணீரைத் தொடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் பயமும் நியாயம்தான். இத்தனை வருடம் பூ கட்டிச் சம்பாதித்த பேர் அது. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன்.

கடைசியில் என் கடைப் போனை எடுத்து அடித்தார். யாரும் எடுக்கவில்லை. தெரியாத எண் என்றால் எடுக்காதீர்கள் என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தானே! இணையமே இல்லாத ஒரு பட்டன் போனைத் தேடிப்பிடித்து அதில் அக்காவின் சிம்மைப் போட்டேன். அக்கா பேர் திரையில் விழுந்ததும் எடுத்தார்கள். ஒருவர் சிரித்தார், ஒருவர் திட்டினார், இரண்டு பேர் நன்றி சொன்னார்கள். ராமையா மட்டும் கிடைக்கவில்லை. லாபு தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர். அவருடைய மகளுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். செலவுக்கு வைத்திருக்கும் பணம் முழுவதும் அவருடைய போன் வழியாகத்தான் போகிறது என்று அக்கா சொன்னார். கடையைச் சாத்திவிட்டுக் காரை எடுத்தேன்.

3. லைன் கிடைக்கும் இடம்

வழி நெடுக அக்கா ராமையா எண்ணை ரீடயல் செய்துகொண்டே வந்தார்.

தோட்டத்துச் சாலை தொடங்கும் முனையில், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். "ராமையாதான்!" என்றார் அக்கா. கார் நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார்.

"அமுக்காத ராமையா! அமுக்காத!"

ராமையாவுக்கு ஒரே சந்தோஷம். "வாங்கக்கா! தோட்டத்துக்குள்ள லைன் சரியா இல்ல, கார்டு எறங்கல. ஒங்க வீட்டுக் கல்யாணக் கார்ட பாக்காம விட்டா மரியாதையா இருக்காதேன்னு இங்க வந்து தெறந்தேன். என்னென்னமோ கேட்டுச்சு, எல்லாம் குடுத்துட்டேன்."

போனைப் பிடுங்கி இணைப்பை அறுத்தேன். என் போனைக் கொடுத்து பேங்க்கோடு பேசச் சொன்னேன். பணம் உள்ளேதான் இருந்தது. கணக்கை முடக்கினார்கள். ஆனால் திங்கட்கிழமை நேரில் கிளைக்கு வந்தால்தான் திறப்போம் என்றார்கள்.

ராமையா மோட்டார் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "சாப்பாட்டுக்காரருக்கு இன்னைக்குக் கட்டணும். பந்தலுக்கு நாளைக்கு. பொண்ணுகிட்ட என்னா சொல்லுவேன்?" பிறகு அக்காவைப் பார்த்து, குறை சொல்வதாக இல்லாமல் சும்மாதான் சொன்னார்: "வேற யாரும் அனுப்பியிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன் அக்கா."

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்கும் ராமையா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு அக்காவே பட்டன் போனை எடுத்தார். சாப்பாட்டுக்காரர் எண்ணை ராமையாவிடம் கேட்டு அடித்தார்.

"பூக்கடை கமலா பேசுறேன். நான் ஏமாந்துட்டேன் அண்ணே. என் போன்ல திருடன் பூந்து எல்லாருக்கும் பொய்க் கார்டு அனுப்பிட்டான். ராமையா என் பேரப் பாத்துத் தெறந்து, அவரு பேங்க்க முடக்க வேண்டியதாயிருச்சு. திங்கக்கெழம பணம் வரும். வரலன்னா என் கடையில வந்து வாங்கிக்குங்க."

சாப்பாட்டுக்காரர் சொன்னது எனக்கும் கேட்டது.

"நீங்களே சொல்றீங்க, அப்புறம் என்னா? சமையல் நடக்கும். திங்கக்கெழம பாத்துக்கலாம். கார்டு மட்டும் அனுப்பிராதீங்க லா."

பந்தல்காரரும் ஒத்துக்கொண்டார். ராமையா மகள் கல்யாணம் சொன்ன முகூர்த்தத்தில் நடந்தது. அக்கா கட்டிய மாலைதான். திங்கட்கிழமை ராமையா எல்லாருக்கும் கொடுத்து முடித்தார். அக்காவுக்கு ஒரு ஆர்டரும் கழன்று போகவில்லை.

கடை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். யாரும் ஏமாறலாம், நானும் ஒருநாள் ஏமாறுவேன். ஏமாந்தால் இணைப்பை அறுங்கள், பேங்க்கைக் கூப்பிடுங்கள், உடனே வாடிக்கையாளர்களிடம் வாய் திறந்து சொல்லுங்கள். அன்று அக்கா என் கடையில் வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் ராமையா லைன் தேடி மோட்டாரில் போய்க்கொண்டிருந்தார்.