கையைத் தூக்க முடிந்த பிறகும்

ஐம்பத்திரண்டாவது வயதில் எனக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. ராயபுரத்தில் ஒரு பழைய குடியிருப்பின் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. துறைமுகச் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் போடும் அலுவலகத்தில் வேலை. கணினி முன்னால் உட்கார்ந்தே இருப்பதால் வந்த வலி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கை தோளுக்கு மேல் எழவே இல்லை. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், தலை பின்ன முடியாததுதான் பெரிய கஷ்டம். ஒற்றைக் கையால் ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டு, பாதி அவிழ்ந்த தலையோடு அலுவலகம் போய் வந்தேன்.

ஒரு நாள் காலை கீழ்வீட்டுப் பெண் படியில் என்னை நிறுத்தினாள். காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்துவந்து தெருமுனையில் விற்பவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

“இன்னாக்கா, தலை இப்டி கீது?”

“கையத் தூக்க முடியலம்மா.”

“அத்த சொல்றதுக்கு இன்னா? குந்து இங்க.”

அங்கேயே உட்கார வைத்துப் பின்னிவிட்டாள். மறுநாளிலிருந்து ஏழரை மணிக்கு அவளே மேலே ஏறி வந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சீப்பைத் தொடுவாள். அப்படியும் விரல்களில் கொஞ்சம் மீன் வாசனை இருக்கும். பின்னி முடிக்கும்வரை பேசுவாள். வஞ்சிரம் வரத்தே இல்லை, மகள் போனைக் கீழே வைப்பதில்லை, எதிர்வீட்டுக்காரி ஏனோ முறைக்கிறாள். நான் ‘ம்’ கொட்டிக்கொண்டிருப்பேன். அம்மா போன பிறகு என் தலையை வேறு யாரும் தொட்டதில்லை.

ஸ்கேனைப் பார்த்த மருத்துவர், தோளின் தசைநாரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது, வாரம் ஒரு தடவையாக ஐந்து வாரம் ஷாக்வேவ் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அலுவலக இன்சூரன்ஸ் இருக்கிற தைரியத்தில் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன்.

“எத்தனை நாள் அட்மிட் ஆவீங்க மேடம்?” என்று கேட்டார் ஒருவர்.

“அட்மிஷனே இல்லைங்க. பத்து நிமிஷந்தான். முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துடலாம்.”

“அப்போ கவர் ஆகாது மேடம். இருபத்து நாலு மணி நேரம் அட்மிட் ஆகியிருக்கணும். ஒரே நாள்ல முடியற சிகிச்சை லிஸ்ட்லயும் இது இல்ல.”

“இத்தனை வருஷமா சம்பளத்துல பிடிக்கிறாங்க. ஒரு தடவைகூட நான் எதுவும் கேட்டதில்லையே.”

“வீட்ல சார் இருந்தா குடுங்க மேடம், விளக்கமாச் சொல்றேன்.”

“இங்க நான் மட்டும்தான்” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

குளியலறைச் சுவரின் ஒழுகலை அடைக்க வைத்திருந்த பணத்தை எடுத்தேன். மணலி புதுநகரில் இருக்கும் தம்பியைக் கேட்டிருக்கலாம். கேட்டால், “எங்ககூடவே வந்து இருந்துடுக்கா” என்று ஆரம்பிப்பான்; அவன் மனைவி எழுந்து உள்ளே போவாள்.

ஷாக்வேவ் என்ற பெயரைக் கேட்டுக் கரண்ட் வைப்பார்களோ என்று பயந்திருந்தேன். “கரண்ட் இல்ல ஆன்ட்டி, வெறும் அலைதான்” என்றாள் பிசியோதெரபி பெண். ஜெல் தடவி, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைத் தோளில் அழுத்தினாள். சுத்தியலால் எலும்பைத் தட்டுவது போலிருந்தது. கண்ணில் நீர் முட்டியது. வெளியே மற்றவர்களுக்காக யாராவது பையும் தண்ணீர் பாட்டிலுமாகக் காத்திருந்தார்கள். நான் ஷேர் ஆட்டோவில் இடது கையால் கம்பியைப் பிடித்தபடி வீடு வந்தேன்.

நான்காவது வாரம், மேல்தட்டிலிருந்து டீத்தூள் டப்பாவை எடுத்தேன். எடுத்த பிறகுதான் வலது கையால் எடுத்தேன் என்பது உறைத்தது.

மறுநாள் அவள் வந்ததும் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் சீப்பை நீட்டிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன். பத்து நாள் அப்படியே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக்கு வந்தவள், இரண்டு கையையும் உயர்த்திக் கொடியில் நான் துணி போடுவதைப் பார்த்துவிட்டாள்.

“ஐயே, கை நல்லாயிடுச்சா! எப்பலேர்ந்துக்கா?”

“நேத்துலேர்ந்து.”

“நல்லதாப் போச்சு. இனிமே கூடைய அடுத்த கடையாண்ட வுட்டுட்டு ஓடியார வாணாம். அந்த நேரந்தான்க்கா நமக்கு யாவாரமே.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சாப்பிட வீட்டுக்கு வருகிறவள் அப்படியே மேலே ஏறி வருகிறாள் என்றே நான் நினைத்திருந்தேன். முகத்தை மறைத்துக்கொள்ளப் போர்வையை எடுத்து உதறினேன்.

மாலையில் உண்மையைச் சொல்லிவிடலாமென்று அவள் வீட்டு வாசல்வரை இறங்கிப் போனேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லோரும் சாப்பாட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

“வாக்கா, துன்னுட்டுப் போ.”

“இல்லம்மா, சும்மாதான் வந்தேன்” என்று சொல்லித் திரும்பிவிட்டேன். இன்றுவரை சொல்லவில்லை.

திங்கட்கிழமை நானே பின்னிக்கொண்டேன். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. கிளம்ப இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.