இரண்டும் வலது கால்

என் அத்தை அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இருபத்தோரு வருடமாக வேலை பார்க்கிறாள். முதல் ஒன்பது வருடம் பெட்டி மடித்தாள், ஒட்டினாள். அதன்பிறகு அவளைச் சாம்பிள் அறைக்கு மாற்றினார்கள். யாராவது புதுமாதிரிப் பெட்டி கேட்டு வந்தால், அதை முதலில் கையால் வெட்டி, மடித்து, இப்படித்தான் இருக்கும் என்று காட்டுகிற அறை அது. உள்ளே ஒரு நீள மேசை, ஒரு இரும்பு ஸ்கேல், நான்கு கத்தி, மடிப்புக் கோடு போட ஒரு சின்னச் சக்கரம். இவ்வளவுதான். கழுத்தில் எந்நேரமும் இஞ்ச் டேப் தொங்குவதால் அங்கே எல்லோருக்கும் அவள் ‘டேப்பு’.

அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டின் பின்னறைதான் அவள் அறை. ஏன் கல்யாணம் வேண்டாம் என்று கேட்பவர்களிடம், “எனக்கு அளவா யாரும் வரல” என்பாள். கேட்டவர் சிரிப்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

போன வருடம் மழைக்காலத்தில் அப்பா ஏணியிலிருந்து விழுந்தார். அவர் ஒரு செருப்புக் கடையின் ஸ்டாக் அறையில் பதினான்கு வருடம் வேலை செய்தவர். வாடிக்கையாளர் கேட்கிற ஜோடியை உள்ளேயிருந்து எடுத்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. அந்த அறையில் ஒரு சுவர் முழுக்க ஷூ பெட்டிகள். இருபத்தெட்டு அடுக்குகள், ஒவ்வொரு அடுக்கிலும் பத்தொன்பது பெட்டிகள். பதினாறாவது பெட்டி வரைக்கும் கை எட்டும். அதற்கு மேல் ஏணிதான். அன்றைக்கு அவர் எடுக்கப்போனது பதினேழாவது பெட்டி, அதன்மேல் இன்னும் இரண்டு இருந்தன. மேலே இருந்தவற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் உருவினார். அடுக்கு சரிந்தது. அவரும் சரிந்தார்.

இடுப்பெலும்பு முறிந்து, ஏழு மாதம் கழித்து ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்தார். கடை முதலாளி பார்க்க வந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

“ஏணி ஏறாம அந்த ரூம்ல என்னப்பா வேலை இருக்கு? நீயே சொல்லு.”

அத்தைதான் கேட்டாள். “ஏணியே இல்லாம அத்தனை பெட்டியும் அடங்கிட்டா?”

“அடங்கினா அடுத்த நாளே வரச் சொல்லும்மா. நானா வேண்டாங்கறேன்?”

அவர் அதை ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார் என்று நாங்கள் நினைத்தோம். அத்தை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அவள் அப்பாவைச் சுவரோரம் கூப்பிட்டு நிறுத்தினாள். “அண்ணா, இங்க ஆணி அடிக்கணும். உன் கை எவ்வளவு உயரம் எட்டுதுன்னு காட்டு.” அப்பா ஒரு கையால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மறு கையை உயர்த்தினார். அத்தை பென்சிலால் கோடு போட்டாள். நூற்றுத் தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர். ஆணி அடிக்கவே இல்லை.

கணக்கு நேரானது. பழைய பெட்டியின் உயரம் பன்னிரண்டு சென்டிமீட்டர். அதைப் பத்தாகக் குறைத்தால் பத்தொன்பது பெட்டியும் அப்பாவின் கைக்குள் வந்துவிடும். நீளத்தையும் அகலத்தையும் தொடக்கூடாது. தொட்டால் சுவரில் இருபத்தெட்டு அடுக்கு நிற்காது. அதோடு, நடுவில் இருக்கிற ஜோடியை எடுக்க மேலே இருப்பதை அசைக்கவே கூடாது. அதனால் மூடியை மேலே வைக்காமல், முன்பக்கத்தைக் கதவு மாதிரி கீழே திறக்கும்படி செய்தாள். மேற்பரப்பில் இரண்டு மேடு, அடிப்பரப்பில் அதே இடத்தில் இரண்டு பள்ளம். ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் கடித்துக்கொண்டு நிற்கும்.

இதையெல்லாம் அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. “ஆசை காட்டிட்டு இல்லேன்னு சொன்னா அண்ணன் இன்னொரு தடவை விழுந்த மாதிரி” என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அளவு பார்க்க ஷூ வேண்டுமே. கடைக்குப் போய்க் கேட்டாள். முதலாளி முன்னறையில் காட்சிக்கு வைத்திருந்ததில் பத்தை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு மாதிரியிலும் கறுப்பு ஒன்று, பழுப்பு ஒன்று.

அத்தை கறுப்பையும் பழுப்பையும் ஜோடியாக்கினாள். பக்கவாட்டில் சாய்த்து, ஒன்றின் குதிகால் பக்கம் மற்றதன் நுனி வரும்படி படுக்க வைத்தாள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று அழகாகப் பொருந்தின. உயரம் ஒன்பதரை. அட்டையின் தடிமனையும் சேர்த்துச் சரியாகப் பத்து.

“என்னடி டேப்பு, சாப்பாட்டுக்குக்கூட வரல? ஷூவோட குடித்தனம் பண்றியா?” என்று பசைப் பிரிவிலிருந்து ஒரு அக்கா எட்டிப் பார்த்தாளாம்.

“பாருக்கா. எப்படிப் படுத்திருக்கு பாரு.”

“நல்லா படுத்திருக்கு. என் வீட்டுக்காரர் இப்படிக் கொஞ்சம் சுருண்டு படுத்தா எனக்கும் இடம் கிடைக்கும்.”

தொழிற்சாலை மேனேஜருக்கும் பெட்டி பிடித்துவிட்டது. முன்னூறு பெட்டிகளை வெள்ளோட்டத்துக்கு அடித்துக் கொடுத்தார்.

கடை விடுமுறை நாளன்று காலையில் பெட்டிகள் போய் இறங்கின. அன்றைக்குத்தான் அத்தை அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லி அழைத்துப்போனாள். நானும் போனேன். எட்டு மாதத்துக்குப் பிறகு அப்பா அந்த அறைக்குள் நுழைகிறார். நுழைந்ததும் கை தானாக விளக்கு சுவிட்சுக்குப் போனது, பார்க்காமலே.

முதல் ஜோடியை அப்பாதான் எடுத்தார். புதுப்பெட்டிக்குள் படுக்க வைத்தார். முன்கதவை மூடப் பார்த்தார். மூடவில்லை. திருப்பி வைத்தார். அழுத்தினால் மூடியது. கையை எடுத்ததும் மேற்பரப்பு உப்பிக்கொண்டது. அடுத்த ஜோடியும் அப்படியே. ஆறு பெட்டி அடுக்கியதும் மேடும் பள்ளமும் ஒட்டாமல் அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அத்தை டேப்பை எடுத்து அளந்தாள். திரும்பவும் அளந்தாள். “பத்துதான் இருக்கு. பத்துக்குள்ள அடங்குச்சே.”

“எதை வச்சு அளந்த?” என்றார் அப்பா.

திருப்பித் தரக் கொண்டுவந்திருந்த ஷூப் பையை அவள் காட்டினாள். அப்பா கறுப்பையும் பழுப்பையும் வெளியே எடுத்துத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“ரெண்டும் வலது காலு.”

கடையில் காட்சிக்கு வலது கால் ஷூவை மட்டும்தான் வைப்பார்கள். ஒற்றை ஷூவை யாரும் திருட மாட்டார்கள் என்பதால். கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். அத்தைக்குத் தெரியாது. பெட்டி செய்கிறவளுக்கு ஷூ என்றால் நீளம், அகலம், உயரம். இரண்டு வலது கால்கள் தலைமாற்றிப் படுத்தால் ஒன்றின் வளைவுக்குள் மற்றது போய்விடும். இடதும் வலதும் அப்படிப் படுக்காது. ஒன்று உள்பக்கம் சாய்ந்தால் மற்றது வெளிப்பக்கம் சாயும். ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இடம் கேட்கும்.

கூட நின்றிருந்த முதலாளி சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. “ரெண்டு வலது கால் இருக்கறவன் வந்தான்னா நேரா நம்ம கடைக்குத்தான் வரணும்” என்று சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். வலியோடு சிரிப்பது போலத் தெரிந்தது. அத்தை சிரிக்கவில்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டையாக மடித்துக் கட்ட ஆரம்பித்தாள். வீட்டுக்கு வருகிற வழியில் அப்பா ஒன்று மட்டும் கேட்டார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

அத்தை மறுபடியும் டேப்பைக் கையில் எடுத்தாள்.

பெட்டியின் உயரத்தைப் பதினொன்றாக மாற்றினாள். இந்தத் தடவை நிஜ ஜோடிகளை வைத்துப் பார்த்தாள். நன்றாக அடங்கின, நன்றாகக் கடித்து நின்றன. ஆனால் அப்பாவின் கைக்குள் வந்தது பதினேழு பெட்டிதான். ஒரு அடுக்குக்கு இரண்டு பெட்டி மிச்சம். இருபத்தெட்டு அடுக்குக்கு ஐம்பத்தாறு ஜோடிகளுக்கு இடமில்லை. முதலாளிக்குப் பெட்டி ரொம்பப் பிடித்தது. ஐயாயிரம் வேண்டும் என்றார். ஏணி பற்றிக் கேட்டதற்கு, “ரெண்டு வரிசைக்குன்னாலும் ஏணி ஏணிதானே? பெட்டியில எத்தனை தாங்கும்னு போட்டிருக்கோ அத்தனை அடுக்குவேன். இடத்தைச் சும்மா போடுவேனாம்மா?” என்றார்.

எத்தனை தாங்கும் என்று போடுவது அத்தைதான். தொழிற்சாலையில் ஒவ்வொரு புதுப் பெட்டியின் மீதும் ஒரு நாள் முழுக்க எடைக்கல் ஏற்றி வைப்பார்கள். நசுங்காமல் நின்ற எடையை வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனை அடுக்கலாம் என்று சாம்பிள் அறையில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அந்த எண்தான் பெட்டியின் அடியில் அச்சாகும். அதை வேறு யாரும் சரிபார்ப்பதில்லை. அத்தை எழுதினால் எழுதியதுதான்.

மறுநாள் காலை தேநீர் குடிக்கும்போது அவள் அப்பாவிடம் சொன்னாள். “கல்லு ஏத்திப் பார்த்தேன். இருபத்திரண்டு தாங்குது.”

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. “பதினேழுன்னு போடேன்.”

அம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

“போட்டா யாருக்கு என்ன நஷ்டம்? குறைச்சு அடுக்கினா எவன் தலையிலயும் விழப்போறதில்லை. முதலாளி வேற வழியில்லாம மிச்சத்தை எங்கயாவது வைப்பாரு. நான் வேலைக்குப் போயிடுவேன்.”

“தெரியும் அண்ணா.”

“தெரியுமில்ல? அப்புறம் என்ன யோசனை?”

“ஒரு தடவை தெரியாம தப்பா அளந்தேன். முன்னூறு பெட்டி குப்பைக்குப் போச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, அது பரவால்ல. தெரிஞ்சே தப்பா எழுதினா, அப்புறம் நான் எழுதின எதை நான் நம்பறது?”

“உன் நம்பிக்கையை நீயே வச்சுக்கோ” என்று அப்பா எழுந்து போய்விட்டார். ஊன்றுகோலை மறந்து இரண்டடி நடந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை எடுத்துக் கொடுத்ததை வாங்காமல் என்னைக் கூப்பிட்டார்.

அன்றைக்கு அத்தை இருபத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சாயங்காலம் வந்து அதை அப்பாவிடம் நேராகச் சொன்னாள். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அதன்பிறகு பதினெட்டு நாள் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. “அவளுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு” என்று அம்மா மூலமாகத்தான் எல்லாம். எனக்கு அப்போது அத்தைமேல் கோபம்தான். அப்பா நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதை அவளும்தான் பார்த்தாள். ஒரு எண்ணை மாற்றி எழுதினால் முடிந்திருக்கும்.

ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. வேலை முடிந்து வருகிற வழியில் தினமும் கடைக்குப் போயிருக்கிறாள். ஷூ போட்டுப் பார்க்கிறவர்கள் உட்கார, முன்னறைச் சுவரோரமாக ஒரு நீளமான மரப் பெஞ்சு இருந்தது. முன்பக்கம் பலகை அடித்து மூடியது. அத்தை அதை விரலால் தட்டிப் பார்த்தாள். உள்ளே வெறுமை. அளந்தாள். நீளம் நான்கு மீட்டர். உள்உயரத்தில் பதினொன்று மூன்று தடவை போகும். ஒரு வரிசைக்கு இருபது பெட்டி, மூன்று வரிசைக்கு அறுபது. ஐம்பத்தாறை வைத்த பிறகும் நான்கு பெட்டிக்கு இடம் இருந்தது. பெட்டி முன்பக்கம் திறப்பதால், உட்கார்ந்திருப்பவரை எழுப்பாமலே உள்ளேயிருந்து எடுக்கலாம்.

முதலாளி தாடையைத் தடவினார். “குனிஞ்சு எடுக்கணுமே. உன் அண்ணனால குனியவும் முடியாதே.”

அத்தை பதில் சொல்வதற்குள், கடையில் விற்பனை செய்கிற அக்கா பேசிவிட்டாள். அப்பா விழுந்ததிலிருந்து அந்தக் கடைப் பெண்கள்தான் மாற்றி மாற்றி ஏணி ஏறிக்கொண்டிருந்தார்கள். “முதலாளி, பெஞ்சுக்கு அடியில இருக்கறதை நாங்க எடுத்துக்கறோம். எப்படியும் கஸ்டமர் கால்கிட்டதானே உட்கார்ந்திருக்கோம்? அந்த ஏணியை மட்டும் எங்கயாவது கொண்டுபோய்ப் போடுங்க. ஏறி ஏறி எனக்குக் கனவுலயும் தலை சுத்துது.”

“அடங்கினா வரச் சொல்லுன்னு சொன்னீங்க” என்றாள் அத்தை.

பெஞ்சின் முன்பலகையைக் கழற்றத் தச்சர் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

சேதி அம்மா மூலமாகத்தான் அப்பாவுக்குப் போனது. அவர் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டார். முதல் நாள் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பி வந்தபோது நடை இன்னும் கோணலாகத்தான் இருந்தது. முகத்தில் களைப்பு. அத்தை கூடத்தில் தரையில் உட்கார்ந்து கத்திக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் பக்கம் பார்க்காமலே நின்றார்.

“அந்தப் பெட்டிக் கதவோட இடது மூலை உரசுது. நாலஞ்சு தடவை திறந்தா நாராயிடும்.”

அத்தை கத்தியைக் கீழே வைத்தாள்.

“மேல் மூலையா, கீழ் மூலையா?”

“கீழ.” அப்பா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். “காகிதம் எடுத்துட்டு வா. வரைஞ்சு காட்டறேன்.”