கன்னத்தில் தெரிந்த கறை

தாமுவேயில் இருக்கும் என் சின்னக் கடைக்கு வரும் போட்டோக்கள் பெரும்பாலும் இறந்தவர்களுடையவை. வெள்ளை டைலில் கறுப்புப் பெயிண்ட் அடித்துக் காயவைத்து, மெஷினில் வைப்பேன். லேசர் பெயிண்டைச் சுட்டெடுத்த இடமெல்லாம் வெள்ளை தெரியும். முகம் மெல்ல வெளியே வரும்.

பக்கத்துப் பேட்டையான தின்கன்ஜூனிலிருந்து ஒரு பெரியவர் தன் மனைவியின் பழைய போட்டோவைக் கொடுத்திருந்தார். கன்னங்களில் வெளிறிய திட்டுகள். ஈரம் பட்ட கறை என்று நினைத்து, கம்ப்யூட்டரில் அழித்துவிட்டேன். வேலை சுத்தமாக வந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

டைலை வாங்கியவர் வெகுநேரம் பார்த்தார்.

"கன்னத்துல தனாக்கா இருந்துச்சேம்மா?"

எனக்குச் சுருக்கென்றது. தினமும் தனாக்காக் கட்டையைச் சந்தனம்போலக் கல்லில் இழைத்து, அந்த விழுதைக் கன்னத்தில் பூசிக்கொண்டுதான் நானும் கடை திறக்கிறேன். அன்றும் பூசியிருந்தேன்.

"மன்னிச்சிருங்க ஊலே. வேற ஒண்ணு போட்டுத் தர்றேன்." பெரியவர்களைப் பர்மிய வழக்கில் 'ஊலே', அதாவது மாமா, என்றுதான் அழைப்பேன்.

"வேணாம்மா. அவளுக்குக் கை வெளங்காமப் போன பொறவு நாந்தான் பூசிவிடுவேன். கொஞ்சம் தனாக்கா இருந்தாக் குடு."

வெயில் நேரத்துக்காகக் கடையில் கட்டையும் கல்லும் வைத்திருப்பேன். இழைத்துக் கொடுத்தேன். விரலில் தொட்டு, டைலில் இருந்த கன்னத்தில் வட்டமாகத் தடவினார். பிறகு குனிந்து, காயும்வரை மெதுவாக ஊதினார்.

"கை பட்டாப் போயிருமே ஊலே."

"போவட்டும். காலையில மறுபடி பூசணும்ல."

மறுநாள் கண்ணாடி முன் நின்று தனாக்கா பூசும்போது, இந்நேரம் அவரும் பூசிவிட்டுக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. என் விரல் கன்னத்திலேயே நின்றுவிட்டது.