தம்பிக்குப் பால் கொடுத்தவர்கள்

மலாயாவில் தங்காக் ஊருக்குப் பக்கத்தில் இருந்த ரப்பர் தோட்டம் அது. விடியும் முன்பே அப்பா என்னை ஒரு தோளிலும் தம்பியை மறு தோளிலும் சாய்த்துக்கொண்டு ஆயாக் கொட்டகைக்கு நடப்பார். பனிமூட்டத்திலிருந்து மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடி மறைந்துகொள்ளும். அது நடந்ததா, அரைத்தூக்கத்தில் கண்ட கனவா என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது.

வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் கொட்டகை. விட்டத்தில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். காற்று வந்தால் எல்லாம் சேர்ந்து அசையும். அம்மா காய்ச்சலில் போனபோது தம்பி கைக்குழந்தை, எனக்கு ஐந்து வயது. கப்பலேறி வந்த எங்களுக்கு இங்கே சொந்தம் என்று யாருமில்லை. ரப்பர் பாலுக்காக மரப்பட்டையை வெட்டி முடித்ததும் பிள்ளை பெற்றவர்கள் ஓடி வருவார்கள். தம் பிள்ளைக்குப் பால் கொடுத்த கையோடு தம்பியையும் மடியில் போட்டுக்கொள்வார்கள். ஆளாளுக்கு, "பாவம், பசியா கெடக்கு" என்று ஊட்டியதில் ஒருநாள் அவனுக்கு வயிறு உப்பிவிட்டது. ஆயா எல்லோரையும் திட்டித் தீர்த்தார். இப்போது யாராவது "எவர் பெற்ற பிள்ளையோ" என்று உதட்டைப் பிதுக்கினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் தம்பியின் வயிறு உப்பியதைப் பார்த்து அப்பா பயந்துவிட்டார். பிள்ளையில்லாத ஒரு துணிக்கடைக்காரருக்குத் தம்பியைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லி அனுப்பினார். அவரும் மனைவியும் பாலூட்டும் நேரத்தில் கொட்டகைக்கே வந்து நின்றார்கள். நல்லவர்கள்தான். அந்த அம்மாளின் சேலையில் புதுத்துணி வாசம் வீசியது. எனக்கோ அவரைக் கடித்து வைக்கலாம் போலிருந்தது.

அப்பா யார் முகத்தையும் பார்க்கவில்லை. "நான் ஒத்த ஆளு. எப்படி வளக்கிறது?" என்றார்.

அப்போது தம்பி கடைசி வீட்டு அக்காவின் மடியில் குடித்துக்கொண்டிருந்தான். அதிகம் பேசாத அக்கா. தலையை நிமிர்த்தாமலே, "ஒங்கள யாருண்ணே வளக்கச் சொன்னா? நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?" என்றார்.

அப்பா அப்படியே குந்தி, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். கடைக்கார அம்மாள் வெகுநேரம் தம்பியையே பார்த்தபடி நின்றார். பிறகு, "அப்ப டின்பாலாச்சும் மாசாமாசம் அனுப்புறேன். அதையும் வேணாம்னு சொல்லிடாதீங்க" என்றார்.

தம்பி குடித்து முடித்ததும் அக்கா அவனைத் தூக்கி அந்த அம்மாளின் தோளில் போட்டார்.

"முதுகத் தட்டி விடுங்க. ஏப்பம் விடணும்."