கரையில் நிற்க லீவு இல்லை

போன ஐப்பசி, மழை பிடித்துக்கொண்ட சமயம். ஒரகடத்தில் காருக்கு வயரிங் கட்டும் கம்பெனி ஒன்றில் நான் லைன் லீடர். பிள்ளைப்பாக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருபவள். வாய் கொஞ்சம் நீளம் என்று பெயரெடுத்தவள்.

என் லைனில் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. ஒருநாள் காலை முகமெல்லாம் வீங்கி வந்தாள். அவள் அப்பா மீன்பிடிக்கப் போன படகு கரை திரும்பவில்லையாம். கூடப் போனவர்களையும் காணோம். தேடிப் போனவர்களுக்கு வலையின் மிதவைகள்தான் கிடைத்தனவாம். அம்மாவிடம் போகவேண்டும் என்றாள். அவளைப்போலக் கம்பெனி ஹாஸ்டலில் தங்கும் பெண்கள் ஊருக்குப் போவதென்றால், கம்பெனி லீவு கொடுத்தால்தான் வார்டன் கேட்டைத் திறப்பார்.

நானே அவளை ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். வேலை நெருக்கடி, சாவுக்கு மட்டும்தான் லீவு என்றார் அதிகாரி. பாடி கிடைத்ததா என்று கேட்டார். டீ குடித்தாயா என்று கேட்கிற மாதிரி கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். பிறகு பெரிய மனசு பண்ணி அவரே வழி சொன்னார்.

"அப்பா தவறிட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லும்மா. இப்பவே லீவு போட்டுத் தர்றேன்."

ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலையேன் என்று எனக்கே தோன்றியது. அவள் அசையவில்லை.

"சொல்ல மாட்டேன் சார். எங்கம்மா இன்னும் கரையிலதான் நிக்கா. ஆள் கிடைக்காம அந்த வார்த்தைய நாங்க யாரும் வாயில எடுக்க மாட்டோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னா சார், பெத்த அப்பன சாவடிச்சிட்டுத்தான் வூட்டுக்குப் போவணுமா?" என்று கேட்டேவிட்டேன். ரூல்ஸ் என்றார். என்னை லைனுக்குப் போகச் சொன்னார். அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். வேலையை விட்டவளை ஹாஸ்டல் தடுக்காதே! கிளாம்பாக்கம் போய் அவளை ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்ததற்கு எனக்கு ஆப்சென்ட் போட்டார்கள். போடட்டும்.

சில வாரங்களில் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். ஊர் மாதா கோயிலில் இறந்தவர்களுக்கான பூசை நடந்ததாக போனில் சொல்லி அழுதாள். விஷயம் எப்படியோ ஆபீசுக்கும் எட்டியது. அதிகாரி என்னைக் கூப்பிட்டு, இப்போது அவளுக்குச் சாவு லீவு தரலாம், முடித்துக்கொண்டு வேலைக்கு வரச் சொல் என்றார். லைனில் ஆள் பற்றாக்குறையாம். அதை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

அப்பா செத்தால் அழுவதற்கு அனுப்புகிறவர்கள், அவர் வந்துவிடுவார் என்று அம்மாவோடு காத்திருக்க ஒரு மகளை அனுப்பவில்லையே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.