லவோனாவின் எண்பத்து நான்கு டாலர்கள்

கிளெல் வீட்டை விட்டுப் போனது 1963 நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை. ஈலி நகரத்துச் சூதாட்ட விடுதியில் பகல் வேலை முடிந்து, லவோனா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தபோது, கணவனுடைய கோட்டும் பூட்ஸும் இல்லை. இரண்டு மாதமாகவே முகம் கொடுத்துப் பேசாதவன். அதனால் அவள் பெரிதாக அதிரவில்லை. மேசைமேல் இருந்ததுதான் அவளை உட்கார வைத்தது.

அவள் சேர்த்த எண்பத்து நான்கு வெள்ளி டாலர்களும் ஒரு துண்டின்மேல் கண்ணாடியாக மின்னின. பக்கத்தில் காலியான பாலிஷ் டப்பா.

பதினொரு வருஷமாக, ஏப்ரன் நிறைய டாலர் சுமந்து, ஆட்டக்காரர்களுக்குச் சில்லறை மாற்றிக் கொடுத்து நடக்கிறாள். கைக்கு வந்த ஒவ்வொன்றையும் புரட்டுவாள். பின்பக்கக் கழுகுக்குக் கீழே, எப்போதோ மூடிப்போன கார்சன் சிட்டி நாணயச்சாலையின் இரட்டைச் ‘சி’ முத்திரை இருந்தால், தன் ஒரு டாலர் நோட்டைப் போட்டு அதை எடுத்துக்கொள்வாள். எல்லாவற்றையும் நாணயம் சேகரிப்பவர்களிடம் நல்ல விலைக்கு விற்றுத் தோழி ஓபலின் பூக்கடையில் பாதிப் பங்கு வாங்க வேண்டும். உட்கார்ந்து பார்க்கிற வேலை.

சனிக்கிழமை நாணய வியாபாரி டிபெட்ஸிடம் கொண்டுபோனாள்.

“யாரும்மா இப்படிப் பண்ணது?”

“வீட்டுக்காரர்.”

“கோவத்துலயா?”

“பாசத்துல.”

அவர் லென்ஸைக் கீழே வைத்தார். “கோவத்துல பண்ணியிருந்தா நாலஞ்சாவது தப்பிச்சிருக்கும். இவரு இண்டு இடுக்கு விடலியே. அத்தனை வருஷமா படிஞ்ச நிறம் போச்சு. மேல பூரா கீறல். சேகரிக்கிறவன் தொட மாட்டான்.”

“அப்ப?”

“ஒண்ணுக்கு ஒண்ணேகால் டாலர் தரேன். அதுவும் நீங்கங்கிறதால.”

“பத்தொம்பது வருஷத்துல ஒரு தட்டு கழுவினதில்ல அந்த மனுஷன்,” என்றாள் லவோனா.

“மறுபடி பொறுக்குடி, ஒரு வருஷம் காத்திருக்கேன்,” என்றாள் ஓபல், விஷயத்தைக் கேட்டுவிட்டு. ஆனால் மறு வருஷம் வெள்ளி விலை ஏறப் போகிறதென்று ஊரே வெள்ளி டாலர்களை மூட்டை மூட்டையாக அள்ளிப் பதுக்கியது. விடுதி ஏப்ரனில் டாலருக்குப் பதிலாக வெறும் உலோக வில்லைகளை நிரப்பியது. அதில் புரட்டிப் பார்க்க எதுவுமில்லை. கனம் மட்டும் குறையவில்லை. ஓபல் தன் மைத்துனனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள்.

1974 மார்ச்சில் அலாஸ்காவிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், நின்றபடியே படித்தாள்.

“லவோனா, சொல்லாம வந்தது தப்புதான். ஆனா நீ வேலைக்குப் போயிருந்தப்ப ரெண்டு நாள் உக்காந்து தேச்சு வெச்சிட்டுதான் வந்தேன். அழுக்குக் காசுக்கு எவன் நல்ல வெல குடுப்பான்? எம் பொண்டாட்டி பூக்கடை மொதலாளின்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். இடுப்பு வலி இப்ப தேவலையா?”